மைனா நிற்கக் கூடாது

தன் வேலையைக் குறை சொல்லி வந்த கடிதங்களைப் படித்துவிட்டு ஆனந்தக் கண்ணீர் விட்ட ஒரே ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வட்டாரத்தில், ஒன்பதாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டின் சாப்பாட்டு மேசையில், ஒரு முனையில் நான் அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் என் வீட்டுக்காரர் ரகுபதி.

"பிரியா, இதைப் பாரேன். நாப்பத்தோரு பேர் திட்டியிருக்காங்க!"

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார், சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, டி-சட்டை நுனியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஏன் அழுகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் நினைத்துக்கொண்டிருப்பது தவறு என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தவறுக்கு உரம் போட்டு வளர்த்தவள் நான்தான்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். ரகுபதி ஒரு கப்பல் நிறுவனத்தில் பத்தொன்பது வருடம் மென்பொருள் சோதனையாளராக இருந்தவர். அடுத்தவர் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அது வேலையோடு நிற்கவில்லை. புது ஃபிரிட்ஜ் வாங்கி வந்தால் கதவை நாற்பது முறை திறந்து மூடிப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, எனக்கு மீன் பிடிக்குமா என்பதை மூன்று விதமாகக் கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில் வருகிறதா என்று சரிபார்த்தாராம். இதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருக்கலாம்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் ஆட்குறைப்பில் அவர் வேலை போய்விட்டது. சோதனையை இனிமேல் இயந்திரமே செய்யும் என்று சொல்லிவிட்டார்கள். எழுபதுக்கும் மேல் விண்ணப்பம் போட்டார். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். அதில் ஓரிடத்தில், எங்கள் மகள் வர்ஷாவைவிட ஐந்தாறு வயதே மூத்திருக்கக்கூடிய ஒரு பையன், "அங்கிள், வேகமா கத்துப்பீங்களா?" என்று கேட்டானாம். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னவர், அதற்குப் பிறகு விண்ணப்பம் போடுவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, "எனக்கு ஒரு வருஷம் குடு பிரியா. ஒண்ணு செஞ்சு பார்க்கணும்" என்றார். சரி என்றேன். ஊரில் எல்லாரும் என்னைப் பெருந்தன்மைக்காரி என்றார்கள். உண்மையைச் சொன்னால், வாக்குவாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

அவர் செய்ய நினைத்தது ஒரு கணினி விளையாட்டு. விளையாட்டு என்று சொல்கிறோமே தவிர, விளையாட அதில் ஒன்றும் இல்லை. திரையின் அடிப்பகுதியில், விரல் அகலத்துக்கு ஒரு நடைபாதை தெரியும். அதில் ஒரு மைனா நடந்துகொண்டே இருக்கும். நம் உணவங்காடி நிலையங்களில் தட்டு காலியாவதற்குள் மேசைமேல் ஏறிவிடுமே, அந்த மஞ்சள் மூக்குத் திருடன்தான். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அது எதையாவது கொத்தும். பெரும்பாலும் குப்பை. நாளுக்கு ஐந்தாறு முறை மட்டும் ஒரு புதுப்பொருள் கிடைக்கும். அது ஒரு தட்டில் போய்ச் சேரும். நாம் எதுவும் செய்ய வேண்டாம். நம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அது அதன் வேலையைப் பார்க்கும். நேரம் கிடைக்கும்போது தட்டைத் திறந்து என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பொருள். எல்லாம் இந்த ஊரில் யாரோ தொலைத்தவை. மதியமானால் ரகுபதி நோட்டுப் புத்தகத்தோடு வெளியே போய்விடுவார். பிடோக், காத்தோங், சிராங்கூன் ரோடு என்று சுற்றி, தரையில் கிடப்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்து வருவார். கோப்பி கட்டித் தரும் பையின் சிவப்புக் கயிறு, இறகு உதிர்ந்த பூப்பந்து, ஒற்றைக் கொலுசு, உடைந்த வளையல் பெட்டி மூடி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதினார். நேரத்தைக் கிழித்துக் காட்டி காருக்குள் வைக்கும் பழைய கார்நிறுத்தக் கூப்பனுக்கு, 'அரை மணி நேரத்துக்குக் கிழித்திருக்கிறார். பத்து நிமிடத்திலேயே கிளம்பிப் போனாரோ?' என்று எழுதியிருந்ததை அவர் எனக்குப் படித்துக் காட்டியது நினைவிருக்கிறது. மற்றவற்றையும் காட்டினார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்ம், நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வருட ஆரம்பத்தில் அதை இணையத்தில் இலவசமாகப் போட்டார். சோதனைப் பதிப்பு, அதனால் கூடவே ஒரு கருத்துப் படிவம். என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை, எந்தப் பொருள் மிகவும் பிடித்தது என்று மூன்றே கேள்வி. முதல் ஐந்து மாதத்தில் முப்பத்தொரு பேர் இறக்கிக்கொண்டார்கள். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

இப்போது என் கதை. நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் மருத்துவக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. கேட்பவர்கள், "வீட்ல இருந்தா? சுகம்லா உனக்கு!" என்பார்கள். எங்கள் நிறுவனத்தில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் பொட்டு உண்டு. கணினியில் கை பட்டுக்கொண்டிருந்தால் பச்சை. ஐந்து நிமிடம் கை படாவிட்டால் மஞ்சள். மஞ்சளானால் எங்கள் குழுத் தலைவி ஆயிஷாவிடமிருந்து, "பிரியா, இருக்கீங்களா?" என்று செய்தி வரும். ஆயிஷா நல்ல பெண்தான். அவள் பொட்டைப் பார்க்க அவளுக்கு மேலே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து, வர்ஷாவை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, எட்டரைக்குப் பொட்டைப் பச்சையாக்கினால், ஆறு மணிவரை அதைப் பச்சையாகவே வைத்திருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போனாலும் மனம் அங்கேயே இருக்கும். நாற்பத்து மூன்று வயதில், பொட்டு வைத்த நெற்றியைவிடத் திரையில் இருக்கும் பொட்டைத்தான் அதிகம் கவனித்திருக்கிறேன்.

அலுவலக லேப்டாப்பில் வெளியார் செயலிகளை நிறுவக் கூடாது என்பது விதி. ரகுபதியின் விளையாட்டை நிறுவ வேண்டியதில்லை. கோப்பைச் சொடுக்கினால் ஓடும். நம்மாலான உதவி, எண்ணிக்கையில் ஒன்று கூடட்டும் என்று ஜூன் மாதத்தில் அதைப் போட்டு வைத்தேன். அந்த வாரமே ஒரு நாள் மதியம், ரகுபதி வெளியே போயிருந்த நேரம், இரண்டு மணிக்கு மேசையில் தலை சாய்த்தேன். இரண்டு நிமிடம் என்று நினைத்துத்தான் சாய்த்தேன். விழித்தபோது மணி இரண்டு முப்பத்தைந்து. அவசரமாகத் திரையைப் பார்த்தால், பொட்டு பச்சை. ஆயிஷாவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. கீழே மைனா நடந்துகொண்டிருந்தது.

சோதனையாளர் பெண்டாட்டி இல்லையா, மூன்று நாள் சோதித்துப் பார்த்தேன். மைனா ஒவ்வொரு முறை கொத்தும்போதும் திரையில் இருக்கும் அம்புக்குறி ஒரு முடி அளவு அசைந்தது; கணினிக்கு அது நான் கை வைத்ததாகத்தான் தெரியும். உருவாக்கும் காலத்தில் மைனாவை நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டியிருந்ததால், கணினி தூங்கிவிடாமல் இருக்க ஒரு வரி எழுதியிருக்கிறார். அதை எடுக்க மறந்துவிட்டார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழனிப் பானையில் விழுந்த கதைதான். பத்தொன்பது வருடம் அடுத்தவர் ஓட்டையைத் தேடியவர் தன் ஓட்டையை விட்டுவிட்டார்.

அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எடுத்துவிடுவார். எடுத்தால் எனக்கு அந்த அரை மணி நேரம் போய்விடும். அந்த அரை மணி நேரத் தூக்கம் எப்படிப்பட்டது என்று தூக்கம் இல்லாதவர்களுக்குத்தான் தெரியும். அதனால் சொல்லவில்லை. அது மட்டுமில்லை. பிடோக்கில் இருக்கும் என் சக ஊழியர் பாக்கியலட்சுமியிடம் சொன்னேன். அவளும் ஐந்து மணிக்கு எழுகிறவள். ஒருத்தியிடம் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் வங்கியில் இருக்கும் நாத்தனாரிடம் சொல்ல, நாத்தனார் தன் அலுவலக மாடி முழுக்கச் சொல்ல, செப்டம்பர் பிறக்கும்போது ஆயிரத்து நானூறு பேர் வீட்டில் மைனா நடந்துகொண்டிருந்தது.

ரகுபதிக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் ஓடவிடுகிறார்கள் என்று அவருக்கு எண்ணிக்கை வரும். "சராசரியா ஒம்பது மணி நேரம் பிரியா! யாருமே மூடறதில்ல!" என்றார். காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடுகிறார்கள், சனி ஞாயிறில் ஒருவரும் இல்லை என்பதையும் அவர் கவனிக்காமல் இல்லை. "வேலை நேரத்துலதான் மனுஷனுக்குத் துணை வேணும். அதான்" என்று தானே காரணமும் சொல்லிக்கொண்டார். ஆசை வந்துவிட்டால் எவ்வளவு பெரிய சோதனையாளருக்கும் கண் மறைத்துவிடும்.

ஒன்று மட்டும் அவரை உறுத்தியது. கருத்துப் படிவத்தில், 'அருமை', 'எதையும் மாற்ற வேண்டாம்', 'அப்படியே இருக்கட்டும்' என்றே வந்துகொண்டிருந்தது. மூன்றாம் கேள்விக்கு, 'எல்லாமே' என்று எழுதியிருந்தார்கள்.

"சிங்கப்பூர்க்காரன் படிவத்தைப் பார்த்துட்டு குறை சொல்லாம விடுவானா? லிஃப்டு மூணு செகண்டு லேட்டா வந்தாலே எழுதிப் போடுவானே" என்று நாடியைத் தடவினார். நான் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்துகொண்டேதான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ரவூப் தொலைபேசியில் வந்தார். பழைய நிறுவனத்தில் ரகுபதியோடு ஒன்றாகச் சேர்ந்தவர்; இப்போது சாங்கியில் கிடங்கு இயந்திரங்களுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். ஓர் இடம் காலியாகிறது, மேலிடத்தில் பேசிவிட்டேன், சனிக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல், திங்களன்று வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். நாற்பத்தாறு வயதில் இன்னொரு கதவு திறக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அது ரகுபதிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படி விடுவது? இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள்தான் அந்த வியாழக்கிழமை. ஜூலையில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் தட்டு நிறைந்துவிட்டது. ஒருவர் ஒரு வருடம் வைத்து மெதுவாகச் சேர்ப்பார் என்று கணக்குப் போட்டு இருநூற்றுப் பன்னிரண்டு பொருள் வரைந்திருந்தார். தினம் ஒன்பது மணி நேரம் ஓடவிட்டால் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் மைனா என்ன செய்யும்? காலை மடக்கி உட்கார்ந்து, தலையை இறகில் புதைத்துக்கொள்ளும். அந்த அசைவை வரைய மட்டும் அவருக்கு மூன்று நாள் ஆனது. மைனா உட்கார்ந்தால் கொத்தாது. கொத்தாவிட்டால் அம்புக்குறி அசையாது. சிங்கப்பூர் முழுக்க நாற்பத்தோரு பொட்டு மஞ்சளாகிவிட்டது.

அவர் திருப்பிக் காட்டிய திரையில் நானும் படித்தேன். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார்கள்.

'மைனா ஏன் உட்கார்ந்துவிட்டது? தயவுசெய்து நடக்க வையுங்கள்.'

'இது நடக்காமல் என் நாளே ஓடாது லா.'

'அவசரம். திங்கட்கிழமைக்குள் சரிசெய்யுங்கள். எனக்கு இந்த மைனா கட்டாயம் வேண்டும்.'

"பார்த்தியா? பொருள் தீர்ந்துபோச்சுன்னு துடிச்சுப்போயிட்டாங்க" என்றார் ரகுபதி. "இன்னும் நானூறு வரையப் போறேன். ரவூப்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். நேர்ல போய்ச் சொல்றதுதான் மரியாதை. சனிக்கிழமை தேக்காவுல பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன். நீயும் வா." பிறகுதான் அந்தக் கண்ணீர். ஒன்றரை வருடமாக அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. லேப்டாப்பை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை என்னுடைய மைனாவும் உட்கார்ந்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு வழக்கம்போலத் தலை சாய்த்தவள், "பிரியா, இருக்கீங்களா?" என்ற செய்தி வந்த சத்தத்தில் துள்ளி எழுந்தேன். அன்று மீதி நாள் முழுக்கக் கண் எரிய உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. அவர் ரவூப்பிடம் வேண்டாம் என்றே சொல்லட்டும், வீட்டில் உட்கார்ந்து இன்னும் நானூறு வரையட்டும், மைனா நடக்கட்டும். என் அரை மணி நேரத் தூக்கத்துக்காகப் புருஷனுக்குக் கிடைத்த வேலை போகட்டும் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்தான். ஆனால் நினைத்தேன். அதை நினைத்து இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆங் மோ கியோவில் ரயில் ஏறினோம். இரண்டு இடம் சேர்ந்தாற்போல் கிடைத்தது. சொல்லிவிட வேண்டும், தேக்கா வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பிராடல் போனது, தோ பாயோ போனது. அவர் நல்ல குஷியில் இருந்தார். புதிதாக வரைய வேண்டிய பொருள்களின் பட்டியலைக் கைப்பேசியில் எழுதிக்கொண்டிருந்தவர், திடீரென்று நிமிர்ந்தார்.

"உன்கிட்ட கேக்கவே இல்லையே. நீயும் மூணு மாசமா வெச்சிருக்க. உனக்கு எது ரொம்பப் பிடிச்சது?"

மூன்று மாதத்தில் அந்தத் தட்டை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அவர் படித்துக் காட்டிய கூப்பன்கூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இந்த ஊரில் ஆள் தொலைக்கக்கூடிய பொருள் எது என்று யோசித்தேன்.

"குடை" என்றேன்.

"குடையா?"

"ஆமாங்க. அந்தக் கறுப்புக் குடை."

அவர் என்னையே பார்த்தார். "நான் குடை வரையலையே பிரியா. தொலைஞ்ச பொருள்னா எல்லாரும் முதல்ல குடையத்தான் வரைவாங்கன்னு வேணும்னே விட்டுட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும். நொவீனாவில் கதவு திறந்து மூடியது. நியூட்டன் வருவதற்குள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பொட்டு, தூக்கம், பாக்கியலட்சுமி, அவள் நாத்தனார், எல்லாம். எதிரே நின்றவர் காதில் விழுகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. முடித்ததும் ரகுபதி, பிழைப் பட்டியல் எழுதுகிறவர்போல நிதானமாகக் கேட்டார்.

"எத்தனை நிமிஷத்துல மஞ்சளாகும்?"

"அஞ்சு."

"மைனா நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை கொத்தும்."

"ஆமா."

"அந்த வரிய நான் எடுக்கலை" என்றார். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நியூட்டனில் இறங்கி, ரயில் மாற அடுத்த தடத்துக்கு நடந்தோம். அந்த நீளமான வழியில் அவர் எனக்கு இரண்டடி முன்னால் போனார். மின்படியில் என் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தர்கூடவா தொறந்து பார்க்கலை?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? யாராவது பார்த்திருப்பாங்க."

"நீ பார்க்கலை."

பத்து வருடம் சண்டை போட்டிருந்தாலும் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவர் திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. ரயில் வந்தது. ஏறி நின்ற பிறகு மறுபடி கேட்டார். "எவ்வளவு நேரம் தூங்குவ?"

"அரை மணி நேரம்."

"வீட்ல இருக்குற நாளெல்லாமா?"

தலையை ஆட்டினேன். தேக்காவுக்கு இறங்க வேண்டிய லிட்டில் இந்தியா வந்துவிட்டது.

தேக்கா உணவங்காடியில் சனிக்கிழமைக் கூட்டம். பிரியாணிக் கடை வரிசைக்குப் பக்கத்தில், மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டு இரண்டு இடம் பிடித்துவைத்துக்கொண்டு ரவூப் உட்கார்ந்திருந்தார். எனக்கு, "வாங்கம்மா" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்னடா ரகு, ஒரு முடிவுக்கு வந்தியா இல்லியா?"

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?" என்றார் ரகுபதி.

ரவூப் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் பிரியாணியும், நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீயும் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டே, "அது சரி, உன் கேம் என்னாச்சு? நல்லாப் போகுதுன்னு கேள்விப்பட்டேனே" என்றார்.

"நல்லாத்தான் போகுது. ஆயிரத்து நானூறு பேர் வெச்சிருக்காங்க."

"அப்புறம் ஏன்டா விடறே?"

"விடலை. அதுபாட்டுக்கு ஓடும்" என்றார் ரகுபதி. பிரியாணியை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மதியம்வரை லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த வரியை எடுத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எடுப்பதுதான் நியாயம். சாப்பிடக் கூப்பிட்டபோது, "சரிபண்ணிட்டேன்" என்றார். "இனிமே மைனா நிக்காது. தீர்றதுன்னு ஒண்ணு கிடையாது. உன் லேப்டாப்லயும் மாத்திட்டேன்." எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவ்வளவு சீக்கிரம் வந்ததுதான் எனக்கே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பது பஸ்ஸுக்குக் கிளம்பினார். புதுச் சட்டை இல்லை, பழைய சட்டையையே தேய்த்துக் கொடுத்தேன். நான் எட்டரைக்கு உட்கார்ந்தேன். மைனா நடந்தது. இரண்டு மணிக்குத் தலை சாய்த்தேன். செவ்வாயும் புதனும் அலுவலகம். வியாழக்கிழமை மறுபடியும் வீடு, மறுபடியும் மைனா.

அன்று மாலை ஏழரைக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டு, பணியாளர் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சோபாவில் சாய்ந்தார்.

"மைனாவுல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"இல்லையே. நல்லா நடக்குது. நிக்கவே இல்ல."

"படத்தையெல்லாம் எடுத்துட்டேன்" என்றார். "இருநூத்திப் பன்னெண்டையும். தட்டும் கிடையாது. சும்மா நடக்கும், சும்மா கொத்தும். கோப்பு சின்னதாயிடுச்சு, சீக்கிரம் இறங்குது."

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். "என்மேல கோபமா?"

"கோபம் என்ன? பயனருக்கு வேணாம்ங்கிறதை வெச்சிருக்கக் கூடாது. நாங்க வேலையில முதல்ல கத்துக்கிறதே அதான்." கண்ணை மூடிக்கொண்டே பேசினார். "ஞாயித்துக்கிழமைலேர்ந்து ஆயிரத்து நானூறு பேர்ல ஒருத்தர்கூட எங்கேன்னு கேக்கலை. ஒருத்தர் மட்டும் எழுதியிருந்தார், இப்ப முன்னைவிட வேகமா இருக்கு, நன்றின்னு."

நானும் கேட்கவில்லையே. இரண்டு நாள் என் கண்ணுக்கு முன்னால் வெறும் மைனா நடந்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

"படமெல்லாம் எங்க இருக்கு? அழிச்சிட்டீங்களா?"

"இல்ல. நோட்டுல இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. இப்பவே காட்டுங்க. ஒவ்வொண்ணாக் காட்டுங்க, நான் பார்க்கணும்."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. வர்ஷா ஐந்து மணிக்கு எழும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. "ஞாயித்துக்கிழமை காட்டறேன் பிரியா. இப்ப அசதியா இருக்கு. நீ இன்னிக்குத் தூங்கினியா?"

"தூங்கினேன்."

"நல்லது" என்றார். அடுத்த நிமிடம் குறட்டை வந்துவிட்டது. அட்டையைக் கழற்றினால் விழித்துக்கொள்வாரோ என்று அப்படியே விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பதினொரு மணிவரை தூங்கினார். எனக்கு ஒரு வாரத் துணி கிடந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான் போனது. நோட்டுப் புத்தகம் தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் இழுப்பறையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் எடுத்துக் காட்டவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.